எட்டு மடிப்பு

சுட்டுத் தீர்ந்த ஷாட்கன் தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறவர் கையில் ஒரு தோட்டாவைக் கொடுத்துப் பாருங்கள். அதை நிமிர்த்தி முதலில் வாயைத்தான் பார்ப்பார். எட்டு மடிப்புகளும் ஒரே அளவில் நடுவில் வந்து கூடுகின்றனவா, கூடும் இடத்தில் துளை தெரிகிறதா, மடிப்பு விளிம்புக்குக் கீழே சீராக இறங்கியிருக்கிறதா, கட்டை விரலால் அழுத்தினால் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். கிரிம்ப் என்று நாங்கள் சொல்வது இந்த மடிப்பைத்தான்.

அமெரிக்காவில் டிராப், ஸ்கீட் என்று பறக்கும் வில்லைகளைச் சுடுகிறவர்களுக்கு இது பழகிய வேலை. டிராப்பில் ஒரு சுற்றுக்கு 25 வில்லை. சனிக்கிழமை நான்கு சுற்று சுட்டால் நூறு காலிக் கூடுகள் பையில் சேர்ந்துவிடும். அவற்றைத் தூக்கி எறிய மனம் வராதவர்கள் கராஜ் மூலையில் ஒரு பிரஸ்ஸைப் பூட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது விஸ்கான்சின் மாநிலத்து மேவில் ஊரில் செய்யப்படும் மெக் பிரஸ்ஸாக இருக்கும். கைப்பிடியை இழுக்க இழுக்க மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமர் வெளியே வரும், புதியது ஏறும், வெடிமருந்து விழும், மருந்துக்கும் ரவைக்கும் நடுவே உட்காரும் வாட் இறங்கும், ஈய ரவை கொட்டும், கடைசி இரண்டு இழுப்பில் வாய் மூடும்.

மடிப்பு கோணலாக வந்தால் புதிதாக வந்தவர் உடனே ஸ்பேனரை எடுத்து, வாயை மூடும் அச்சான கடைசி டையைத் திருகத் தொடங்கிவிடுவார். கை முதலில் அங்கே போகவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மடிப்பு கெடும் இடம் பெரும்பாலும் டை அல்ல, கூட்டின் உள்ளே. மருந்தின் உயரம், வாட்டின் உயரம், ரவையின் உயரம் மூன்றும் சேர்ந்து எங்கே முடிகின்றனவோ அந்த இடம்தான் மடிப்பு உட்காரும் தரை. மோதகம் பிடிக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பூரணம் கூடினால் வாய் கூடாது, குறைந்தால் மடிப்பு உள்ளே சரியும்.

ஆகவே முதலில் மடிப்பைப் படிக்க வேண்டும். கிண்ணம்போல் குழிந்திருந்தால் கீழே தரை இல்லை, உள்ளே வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். மடிப்புகள் நடுவில் சுழன்று முறுக்கிக்கொண்டாலும் அநேகமாக அதே கதைதான். மிஞ்சிய பிளாஸ்டிக் போக்கிடம் இல்லாமல் சுருள்கிறது. நடுவில் துளை விழுந்து, 8ஆம் நம்பர் ரவை ஒவ்வொன்றாக உதிர்ந்தால் உள்ளே சரக்கு உயரம் அதிகம், அல்லது பலமுறை சுட்டு மடிப்பு நுனி தேய்ந்த கூடு. இரண்டுக்கும் தீர்வு வேறு. தேய்ந்த கூட்டைக் கழித்துவிடலாம். உயரம்தான் காரணம் என்றால் அச்சிட்ட லோடு அட்டவணைக்குத் திரும்பிப் போய், அதே கூட்டுக்கும் அதே ரவை எடைக்கும் அங்கே கொடுத்திருக்கும் வேறொரு வாட்டையோ மருந்தையோ தேர்ந்தெடுக்க வேண்டும். ரெட் டாட் போன்ற மருந்து இடத்தை அடைக்கும், வேறு சில மருந்துகள் அதே எடையில் ஒடுங்கிக் கிடக்கும். உயரம் பொருந்தவில்லை என்று மருந்தைத் தம் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைப்பவரோடு நான் ஒரே மேசையில் உட்கார மாட்டேன்.

கூடுகளைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்குத் தீராது. வின்செஸ்டர் 1965இல் ஏஏ தோட்டாவைக் கொண்டுவந்தது. அந்தக் கூட்டின் உட்சுவர் அடியை நோக்கித் தடித்துக்கொண்டே போகும். ரெமிங்டனின் எஸ்டிஎஸ் கூடும் அப்படித்தான். ஃபியோக்கி, செடைட் கூடுகளின் சுவர் நேராக இறங்கும். ஒன்றுக்குச் செய்த வாட் மற்றொன்றில் போனால் ஒன்று இறுகும், இல்லையென்றால் ஓரம் தளர்ந்து மருந்துத் துகள் மேலே ஏறும். வெளியே பார்த்தால் எல்லாம் 12 கேஜ், எல்லாம் 2¾ அங்குலம். இந்த 2¾ அங்குலம் மடிப்பு விரிந்த பிறகு உள்ள நீளம். நிரப்பி மூடிய தோட்டா அதைவிடக் குட்டை. வகை பிரிக்காமல் ஒரே பெட்டியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து நிரப்புகிறவருக்கு எந்த டையும் உதவாது.

பிளாஸ்டிக்குக்கு ஞாபகம் உண்டு. தொழிற்சாலையில் விழுந்த எட்டு மடிப்பின் தடம் சுட்ட பிறகும் அப்படியே நிற்கும். மடிப்பைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டரின் பற்கள் அந்தத் தடத்தில்தான் விழ வேண்டும். மெக் ஸ்டார்ட்டர் தானாகத் திரும்பித் தடத்தைத் தேடிக்கொள்ளும், ஆனாலும் கைப்பிடியை மெதுவாக இறக்கி அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும். ஆறு மடிப்புக் கூட்டில் எட்டுப் பல் ஸ்டார்ட்டரை அழுத்தினால் பழைய தடமும் புதிய தடமும் சண்டை போடும், அந்த வாய் ஒருநாளும் சரியாக மூடாது. குளிர்காலத்தில் சூடில்லாத கராஜில் பிளாஸ்டிக் விறைத்துப் போகும். முந்தின இரவே கூடுகளை வீட்டுக்குள் வைத்துவிட்டால் மறுநாள் மடிப்பின் முனை கூர்மையாக விழுவது கண்ணுக்கே தெரியும்.

இதெல்லாம் அழகுக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அழகும் எனக்கு முக்கியம்தான். ஆனால் புகையில்லா மருந்து நன்றாக எரிய வேண்டுமானால் தொடக்கத்தில் அதற்கு எதிர்ப்பு வேண்டும். அந்த எதிர்ப்பில் ஒரு பங்கைத் தருவது மடிப்பு. அது தளர்ந்திருந்தால் சத்தம் மந்தமாக வரும், எரியாத மருந்துத் துகள்கள் குழலுக்குள் சிதறிக் கிடக்கும், வாட் பாதி வழியில் நின்றுவிடவும் கூடும். அப்படி மந்தமான சத்தம் கேட்டால் அடுத்த தோட்டாவைத் தொடாமல் துப்பாக்கியைத் திறந்து, காலி என்று உறுதிசெய்துகொண்டு, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாக வேண்டும். அடைபட்ட குழலில் அடுத்த வெடி குழலையே பிளக்கும். மடிப்பு அளவுக்கு மேல் ஆழமாகப் போனாலோ அழுத்தம் ஏறும். 12 கேஜ், 2¾ அங்குலத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. ஆழத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் காலிப்பரின் வாலை இறக்கி அளக்கிறேன். 0.055 அங்குலத்தை ஒட்டி நின்றால் எனக்குத் திருப்தி.

இவ்வளவும் சரியாக இருந்து, அதன் பிறகும் மடிப்பு பிடிவாதம் பிடித்தால் அப்போது டையைத் தொடலாம். முதலில் ஸ்டார்ட்டர். அது வாயைப் போதுமான அளவு குவிக்காவிட்டால் கடைசி டையில் மடிப்பு கசங்கும், அதிகம் குவித்தால் நடுப்பகுதி உள்ளே போய்விடும். ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும், கால் சுற்று, பிறகு ஒரு தோட்டா, பிறகு காலிப்பர். இரண்டு திருகைச் சேர்த்துத் திருப்பினால் எது செய்த வேலை என்று தெரியாமலே போகும். கடைசி டையை அதிகம் இறக்கினால் மடிப்புக்குக் கீழே தோள்பட்டை புடைக்கும். மேசையில் பார்க்க அது நன்றாகவே இருக்கும், மைதானத்தில் துப்பாக்கியின் சேம்பருக்குள் போகாது. அதனால் மாற்றி அமைத்த பிறகு வருகிற முதல் சில தோட்டாக்களைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்ததும் சேம்பர் அளவைச் சோதிக்கும் கேஜ் வளையத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றை நிரப்புகிறேன்.