கழுவிப் பார்த்த பிறகு விலை

நாகர்கோவிலிலிருந்து வெள்ளிச்சந்தை, அம்மாண்டிவிளை வழியாக முட்டம் போகிற சாலையில், கடல் கண்ணில் படுவதற்குச் சற்று முன்னால், தென்னந்தோப்பின் ஓரமாகத் தகரக் கூரை போட்ட ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கேட்டுக் கேட்டு வந்துவிடுகிறார்கள். நான் போன காலையில் அங்கே மீன் ஏற்றும் ஆம்னி ஒன்றும், குழியின் மேல் வெள்ளை அம்பாசடர் ஒன்றும் நின்றன. என் மாருதி 800ஐ அவற்றுக்குப் பின்னால் நிறுத்தினேன். மூன்றுக்கும் ஒரே கோளாறு, ஆயில் லீக்.

இந்த மூன்று வண்டிகளில் எதையும் இனிப் புதிதாக வாங்க முடியாது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அம்பாசடர் ஆலை மூடப்பட்டது. ஆம்னி 2019 வரை தாக்குப்பிடித்தது. பதினைந்து ஆண்டு முடிந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாயாக ஒன்றிய அரசு உயர்த்தியது. அந்தப் பணத்தையும் கட்டி, எஃப்.சி.யும் எடுத்து இவற்றை ஓட்டுகிறவர்களில் பிரியத்துக்காக ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலானவர்களுக்குப் பழைய வண்டியை விட்டால் வேறு வண்டி கிடையாது. அவர்கள் முழுக்க முழுக்க மெக்கானிக்கை நம்பித்தான் இருக்கிறார்கள்.

ஒர்க்‌ஷாப்காரரைப் பையன்கள் 'ஆசான்' என்று கூப்பிடுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர். அவரிடம் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவன் கோணம் அரசு ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்தவன். இன்னொருவன் வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சின் பிரித்துப் பழகியவன். உப்புத் தண்ணீர் இரும்பை என்ன செய்யும் என்பது படித்தவனைவிட இவனுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று ஆசானே சொன்னார்.

அவன் அன்று ஆம்னிக்கு அடியில் படுத்திருந்தான். ஆம்னியின் எஞ்சின் முன்சீட்டுக்குக் கீழே இருக்கிறது. கடற்கரையிலிருந்து மீன் ஏற்றி வருகிற வண்டியில் பெட்டிகளிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீர் தரையெல்லாம் ஊறும். வெளியே கடற்காற்று. ஆயில் சம்ப் மெல்லிய தகட்டில் அடித்தது, பெயின்ட் உரிந்த இடத்தில் துருப் பிடித்து, ஊசி முனை அளவு ஓட்டை விழும். இந்த வண்டிக்கு ஓட்டை விழவில்லை. ஆனால் யாரோ முன்பு லீக்கை நிறுத்துவதற்காக சம்ப் போல்ட்டுகளை மூச்சுப் பிடித்து முறுக்கியிருக்கிறார்கள். போல்ட் துளையைச் சுற்றித் தகடு குழிந்து, இரண்டு துளைகளுக்கு நடுவே மேடு தட்டியிருந்தது. அப்படி நெளிந்த விளிம்பில் எத்தனை புது பேக்கிங் வைத்தாலும் எண்ணெய் வடியத்தான் செய்யும். பையன் சம்பை இறக்கி, விளிம்பை மரக்கட்டை மேல் கவிழ்த்து, சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி, கண்ணாடித் தகட்டில் வைத்துச் சமம் பார்த்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் இதே வேலை. உள்ளே ஆயில் உறிஞ்சும் வலையில் பழைய சிலிக்கான் பேஸ்ட்டின் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"பேஸ்ட்ட அப்பி வச்சா வெளிய பிதுங்குனது நமக்குத் தெரியும் சாரே. உள்ள பிதுங்குனது ஆருக்குத் தெரியும்?" என்றார் ஆசான். அந்தத் துணுக்குகள் வலையை முழுதாக அடைத்திருந்தால் ஆயில் மேலே ஏறாமல் எஞ்சினே பிடித்திருக்கும். லீக்கை நிறுத்தப் போய் எஞ்சினைக் கொல்லுகிற வைத்தியம் இப்படித்தான் நடக்கிறது.

என் வண்டிக்கு வருகிறேன். நகரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஜாக்கி வைத்துத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தில் எண்ணெய் சொட்டியது. கிராங்க் பின் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸ் இறக்க வேண்டும், இறக்குகிற கையோடு கிளட்ச் செட்டையும் மாற்றிவிடலாம் என்றார்கள். சீல் விலை சொற்பம். ஆனால் கூலியும் கிளட்ச்சும் சேர்ந்து வண்டியின் மதிப்பில் ஒரு பங்கு ஆகிவிடும்.

ஆசான் டார்ச்சே எடுக்கவில்லை. "எண்ண எங்க சொட்டுதுண்ணு பாக்கப்படாது. எங்க தொடங்குதுண்ணு பாக்கணும். கழுவாம ஒண்ணும் சொல்ல ஒக்காது" என்றார். ஐடிஐ பையன் மண்ணெண்ணெயும் பிரஷும் எடுத்துக்கொண்டு எஞ்சினை மேலிருந்து கீழ்வரை கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, காய விட்டான். பிறகு சந்தேகப்படும் இடங்களில் எல்லாம் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவினான். "லே மக்கா, ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு போயிட்டு வா" என்று அனுப்பினார். வண்டி முட்டம் கலங்கரை விளக்கம் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

வெள்ளைப் பவுடரில் எண்ணெய் நனைத்த தடம் தெளிவாகத் தெரிந்தது. தொடங்கிய இடம் மேலே, டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சின் ஹெட்டில் உட்காருகிற இடம். அங்கே உள்ள ரப்பர் வளையம் சூட்டில் இறுகிக் கல்லாகியிருந்தது. அதன் வழியே கசிந்த எண்ணெய் ஹெட்டின் பின்பக்கமாக இறங்கி, கியர் பாக்ஸ் மூடியில் வழிந்து, கீழே சொட்டியிருக்கிறது. அடியில் நின்று பார்க்கிறவருக்கு அது பின் சீல் போலத்தான் தெரியும். வளையத்தை மாற்றி, டைமிங்கைச் சரிபார்த்து முடிக்க மதியம் ஆனது. கிராங்க் சீலில் ஈரமே இல்லை.

அந்த நகரத்து மெக்கானிக் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்க நேரம் எடுக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கும் காரணம் இருக்கிறது. நாம் பார்ட்ஸுக்குப் பணம் கொடுக்கிறோம். கழற்றி மாட்டினால் கூலி கொடுக்கிறோம். அரை நாள் கழுவி, தூவி, ஓட்டி, "ஒன்றுமில்லை, ஒரு வளையம்தான்" என்று சொன்னவரிடம், "வளையத்துக்கா இவ்வளவு கூலி?" என்று பேரம் பேசுகிறோம். கண்டுபிடிக்கிற வேலைக்கு நம் ஊரில் விலையே இல்லை. அந்த விலையை மெக்கானிக் எங்காவது சேர்த்துத்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் அது தேவையில்லாத கிளட்ச் பிளேட்டில் போய்ச் சேருகிறது.

சீல் உண்மையாகவே போயிருந்தாலும் வேலை சீலோடு முடிவதில்லை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே வருகிற வாயு வெளியேற பிரீதர் குழாய் உண்டு. அது கசடு கட்டி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். எந்த சீல் தளர்ந்திருக்கிறதோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளும். அதனால்தான் ஆசான் எந்த வண்டிக்கும் முதலில் ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்க்கிறார். ஆம்னியின் முன் சீலையும் அன்று மாற்றினார். கிராங்க்கில் பழைய சீல் உரசி உரசி ஒரு கோடு விழுந்திருந்தது. புது சீலை அதே கோட்டில் உட்காரவிடாமல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி அடித்தார். இதற்கு அவரிடம் கருவி எதுவும் இல்லை, கையளவுதான்.

அம்பாசடர்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருடையது பழைய 1489 சிசி பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சின். அதன் கிராங்க் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. திருகுபோல் வெட்டிய பள்ளம் சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பிவிடும். எஞ்சின் நின்றதும் கொஞ்சம் சொட்டும். அது பிறவிக் குணம். "அண்ணே, இதுக்குச் செலவு செய்யாதீங்க. கிளட்ச் வழுக்கலைன்னா விட்டிருங்க. வாரத்துக்கு ஒருக்க டிப் ஸ்டிக் பாத்து ஊத்துங்க" என்று ஆசான் குழியிலிருந்தே சொல்லிவிட்டார். அவரிடம் வாங்கியது சோதித்ததற்கான கூலி மட்டும்.

எந்த லீக்கை விடலாம், எதை விடக்கூடாது என்பதில் அவர் கறாராக இருக்கிறார். எஞ்சின் மேல் ஈரம் பூத்திருந்தால் துடைத்துவிட்டு ஓட்டலாம். சைலன்சர் பக்கம் சொட்டிப் புகைந்தாலோ, டைமிங் பெல்ட் எண்ணெயில் நனைந்தாலோ, கிளட்ச் பிளேட் ஊறினாலோ, வண்டியை வீட்டுக்கு அனுப்ப மாட்டார். பெல்ட் அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். மீன் வண்டிக்காரருக்கு அன்றைய மீன் முழுவதும் போய்விடும்.

கிளம்பும்போது பழைய வளையத்தை ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார். கழற்றிய சாமானைக் காட்டாமல் அவர் பணம் வாங்குவதில்லை.

பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லீக் என்றதும் எவ்வளவு ஆகும் என்று கேட்காதீர்கள். முதலில் எஞ்சினைக் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள். கழுவியதற்கும் பார்த்ததற்கும் தனியாகக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். கோளாறே இல்லை என்று அவர் சொன்னாலும் அந்தக் கூலியைக் கொடுங்கள்.