சென்னபட்டணத்து அரக்கும் என் ரெசின் தட்டும்

கைவேலை என்று எதையாவது கற்றுக்கொண்டு நாலு காசு பார்க்க வேண்டும் என்ற ஆசை நம்மில் யாருக்குத்தான் இல்லை? எனக்கு அந்த ஆசை ரெசின் வேலையில் போய் முடிந்தது. தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். எபாக்ஸி ரெசின் என்பது இரண்டு புட்டியில் வரும் பிசின். ஒன்று ரெசின், மற்றொன்று ஹார்டனர். அவர்கள் சொன்ன அளவில் கலந்து அச்சில் ஊற்றினால் ஒரு நாளில் இறுகிவிடும், முழுப் பலம் பெற இரண்டு மூன்று நாள் ஆகும். உள்ளே பூ, சருகு, ஜிகினா என்று எதை வைத்தாலும் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி இருக்கும்.

இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன். சாவிக்கொத்து, கம்மல், காபி டம்ளர் வைக்கிற சின்னத் தட்டு எல்லாம் செய்தேன். நவராத்திரிக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். (அந்தத் தட்டில் கொதிக்கக் கொதிக்க பில்டர் காபியை வைத்தால் டம்ளரின் வட்டம் அப்படியே பதிந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு மாமி திருப்பிக் கொண்டுவந்து காட்டினார்.)

பிறகு வந்ததுதான் கல்யாண மாலை. பக்கத்து வீட்டுப் பெண் தன் மாலையை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டு வந்து, "அக்கா, இதை அப்படியே தட்டா பண்ணிக் குடுங்க, ஆயுசுக்கும் வச்சுப்பேன்" என்றாள். 2,500 ரூபாய் பேசினேன். ஐந்து நாள் நிழலில் உலர்த்திவிட்டு ஊற்றினேன். பார்க்க அவ்வளவு அழகு! மூன்றே வாரத்தில் ரோஜா இதழ் ஒவ்வொன்றும் பழுப்பாகி, ஓரத்தில் நீர்க்கோத்த மாதிரி ஆகிவிட்டது. மழைக்காலம். இதழுக்குள் ஈரம் இருந்திருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மாலையை எங்கே போய் வாங்கிக் கொடுப்பது? அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

போதாக்குறைக்கு விரல் இடுக்கில் அரிப்பு, கொப்புளம். கையுறை போட்டுக்கொள்ளாமலே வேலை செய்திருக்கிறேன். ஒட்டியதைத் தின்னர் தொட்டுத் துடைத்திருக்கிறேன். அது பிசினை இன்னும் தோலுக்குள் தள்ளும், சோப்பும் தண்ணீரும்தான் சரி என்று தோல் டாக்டர் சொன்னார். "ஒரு தடவை இந்த ஒவ்வாமை வந்துட்டா அப்புறம் கொஞ்சம் பட்டாலும் வரும். விட்டுடறதுதான் நல்லதும்மா" என்றார்.

புட்டிகளைப் பரண் மேல் ஏற்றிவிட்டு, மனசு சரியில்லாமல் பெங்களூரில் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவள்தான், "பிசின் வேலைதானே? இருநூறு வருஷமா பிசின் வேலை செய்யற ஊரு பக்கத்திலயே இருக்கு அண்ணி, வாங்க" என்று சென்னபட்டணத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் 60 கிலோமீட்டர். ரயிலில் போனோம். ராமநகரம் வந்ததும் பெரிய பெரிய பாறை மலைகள். 1975-இல் வந்த 'ஷோலே' படத்தை எடுத்தது இங்கேதான். பட்டுக்கூடு சந்தைக்கும் பேர்போன ஊர். அதைத் தாண்டினால் சென்னபட்டணம். கன்னடத்தில் 'கொம்பெகள ஊரு', அதாவது பொம்மைகளின் ஊர் என்று செல்லப் பெயர். திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து ஆட்களை வரவழைத்து இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கச் சொன்னார் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். 2005-06-இல் இந்தப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கடைத்தெருவில் அதிகக் கூட்டம் இல்லை. கடைக்காரர் ஒருவர் தமிழிலேயே பேசினார். "2023-ல புது ரோடு போட்டாங்க இல்ல, காரெல்லாம் ஊருக்கு வெளியிலயே மைசூருக்குப் போயிடுதும்மா. முன்னெல்லாம் இந்த வழியா போறவங்க குழந்தை அழுதாலே வண்டிய நிறுத்துவாங்க" என்றார். ஒரு கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே சொன்னார். பாவமாக இருந்தது.

அவரே ஒரு பட்டறைக்கு வழி காட்டினார். சின்ன ஓட்டு வீடு. முன்னறையில் மோட்டார் போட்ட கடைசல் இயந்திரம். அதன் முன்னால் என் வயசுள்ள ஒரு அம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சுழலுகிற மரத்துண்டில் உளியை வைத்தார். நாலு நிமிஷம் இருக்கும், மரம் வழவழவென்று ஒரு சொப்புக் குடமாகிவிட்டது. பிறகு சிவப்பாக ஒரு குச்சியை எடுத்து, சுற்றுகிற குடத்தின் மேல் அழுத்தினார். உராய்கிற சூட்டில் குச்சி உருகி, மரத்தின் மேல் நிறம் பாவாடை சுற்றின மாதிரி படர்ந்தது. அந்தக் குச்சிதான் அரக்கு.

நம் பாரதத்தில் துரியோதனன் கட்டிய அரக்கு மாளிகை என்று கேட்டிருக்கிறோமே, தபால் ஆபீசில் பார்சலுக்கு முத்திரை வைத்தார்களே, அதே அரக்கு. மரக்கிளையில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின் அது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் புரச மரத்திலும் இலந்தையிலும் வளர்க்கிறார்கள். பழைய கிராமபோன் தட்டுகளும் இதில் செய்தவைதான். மாத்திரைகளின் மேல் பூச்சாகவும் இது போகிறது. அரக்கைச் சூடாக்கி நிறத்தோடு பிசைந்து, சவ்வு மிட்டாய் மாதிரி இழுத்து இழுத்துக் குச்சியாக்குவார்களாம். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள், நீலத்துக்கு அவுரி.

பளபளப்புக்கு என்ன போடுவார்கள் என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் கிடந்த காய்ந்த ஓலை ஒன்றை எடுத்துச் சுற்றுகிற குடத்தில் அழுத்தினார். தாழை ஓலை! சின்ன வயதில் தாழம்பூ வைத்துப் பின்னிக்கொண்டு போட்டோ எடுத்த தலையல்லவா இது? அந்தச் செடியின் ஓலைக்கு இப்படி ஒரு உபயோகம் உண்டு என்று இத்தனை வருஷம் தெரியவில்லை. ஓலை பட்ட இடமெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னியது.

இன்னொரு ஆச்சரியம் கொல்லைப்புறத்தில். வெள்ளை வெளேரென்று மரக்கட்டைகள் அடுக்கியிருந்தன. 'ஆலெ மரம்' என்றார்கள். வேலியோரம் ஒரு கன்று நின்றது. கிளையில் நுனி ஒட்டிய இரட்டைக் காய்கள், இலையைக் கிள்ளினால் பால். நம் வெட்பாலை! தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் கத்தரிப்பூ நிறத்தில் எண்ணெய் வருமே, அதேதான். என் கைக் கொப்புளத்துக்கு நான் முதலில் தடவிப் பார்த்ததும் அந்தத் தைலம்தான். (அதில் குணமாகவில்லை. ரெசினைத் தொடாமல் இருந்ததில்தான் குணமானது.)

"கட்டையை உடனே கடையலாமா?" என்றேன்.

"அய்யோ, கூடாதுக்கா. ரெண்டு மூணு மாசம் காயணும். அவசரப்பட்டா பின்னால வெடிப்பு விட்டுடும். மழைக்காலத்தில இன்னும் நாளாகும்" என்றார், நாத்தனாரின் கன்னட மொழிபெயர்ப்பில். நான் ஐந்து நாளில் ஊற்றிய மாலை ஞாபகம் வந்தது. என் கதையைச் சொன்னேன். கடைசல் நின்றது.

அவர் கேட்டது பூவைப் பற்றி அல்ல. "அந்தத் தட்டுக்கு உங்க கூலி எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டார். ரெசின் எவ்வளவு, அச்சு எவ்வளவு, டப்பா எவ்வளவு என்று விரல் மடக்கினேன். கூலி என்று ஒன்று போடவே இல்லை. வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே என்று நினைத்திருந்தேன். அவருக்கு உருப்படிக்கு இத்தனை என்று கணக்கு. வேலை போதவில்லை, கூலியும் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் எத்தனை குடம் கடைந்தோம் என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது. அவசரமாக ஊற்றியதற்கும் இதுதான் காரணமோ என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். நம் நேரத்துக்கு விலை வைக்காவிட்டால் அதை எப்படியாவது சுருக்கத்தானே தோன்றும்?

சின்னக் குழந்தைக்கு வாங்குகிறவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாக் கடையிலும் எல்லாப் பொம்மையும் அரக்குப் பூச்சு அல்ல, பெயிண்ட் அடித்ததும் கலந்து இருக்கிறது. வாயில் வைக்கிற குழந்தையாக இருந்தால் தாவர நிறமா என்று கேட்டு வாங்குங்கள். சின்ன மணி கழன்று வருகிற சாமான் வேண்டாம்.

ரெசின் வேலை செய்கிற பெண்களைப் பார்த்து நான் பயமுறுத்தவில்லை. அழகான வேலைதான். நைட்ரைல் கையுறை, காற்றோட்டம், தேய்க்கும்போது தூசிக்கு முகமூடி, இந்த மூன்றும் வேண்டும். சமையலறை கூடாது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் தள்ளிவையுங்கள். பூவைச் சிலிகா ஜெல்லில் புதைத்துச் சருகாக நொறுங்கும் வரை உலர்த்துங்கள். மல்லிகை எப்படியும் நிறம் மாறும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்கு இனி ரெசின் இல்லை. அந்தப் பட்டறையிலிருந்து அரக்கு மணிகள் தருவித்து வாசல் தோரணமும் கழுத்து மாலையும் கோக்கிறேன். விலையில் என் கூலியும் இருக்கிறது. "கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே" என்று சொன்னவர்களும் உண்டு.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. மஞ்சளில் ஒரு கிலுகிலுப்பை சொல்லியிருக்கிறேன். மரம் இன்னும் காயவில்லை, பத்து நாள் ஆகும் என்று பதில் வந்திருக்கிறது.