கூடு விட்டுக் கூடு பாயும் சொற்கள்

விக்கிரமாதித்த மகாராஜாவுக்குக் கூடு விட்டுக் கூடு பாயும் வித்தை தெரியும் என்று கதைகளில் படித்திருக்கிறோம். அந்த வித்தையில் அவரையும் தோற்கடிக்கக் கூடியவை இங்கிலீஷ் பாஷையின் சொற்கள். இருபது வருஷமாக அந்தப் பாஷையைப் பிள்ளைகளுக்குப் போதித்துப் பிழைக்கும் உபாத்தியாயன் சொல்கிறேன், நேயர்கள் நம்பலாம்.

'ரவுண்டு' என்னும் சொல்லைப் பாருங்கள். நம் வீட்டுப் பாட்டிமார்களுக்குக்கூடத் தெரிந்த சொல்தான். 'ரவுண்டு மேஜை' என்னும்போது அது பெயருக்கு அடைமொழி. போலீஸ்காரர் 'ரவுண்டு' போனால் பெயர்ச்சொல். கப்பல் ஒரு முனையைச் சுற்றிக் கடந்தது என்பதற்கு அதையே வினைச்சொல்லாக வைத்துவிடுவார்கள். போதாதற்கு, வினைக்கு அடையாகவும், பெயருக்கு முன்னே நின்று நம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்யும் சொல்லாகவும் அது வரும். ஐந்து உத்தியோகம், ஒரே சட்டை!

தமிழ்ப் பிள்ளை இதைக் கண்டு திகைப்பதில் ஆச்சரியம் என்ன? நம் பாஷையில் ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்பதை அதன் வால் சொல்லிவிடும். 'ராமன் ராவணனைக் கொன்றான்' என்றாலும், 'ராவணனை ராமன் கொன்றான்' என்றாலும் மாண்டவன் ராவணன்தான். 'ஐ' என்னும் ஓர் எழுத்து ராமனைக் காப்பாற்றுகிறது. இங்கிலீஷிலோ, இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி வைத்தால் ராமாயணமே தலைகீழாகிவிடும். அங்கே உட்கார்ந்த நாற்காலிதான் உத்தியோகத்தை நிர்ணயிக்கிறது.

எக்காலத்திலும் அப்படி இருந்ததில்லை. ஆயிரம் வருஷங்களுக்கு முந்திய இங்கிலீஷில் அன்பு என்னும் பெயர் 'லுவு'. அன்பு செய்தல் என்னும் வினை 'லுவியன்'. நாளடைவில் வால்கள் தேய்ந்து உதிர்ந்து, இரண்டும் ஒரே 'லவ்' ஆகிவிட்டன. வால் போன பிறகு, ஒன்றின் இடத்தில் மற்றொன்று புகுவதற்குத் தடை ஏது? ஷேக்ஸ்பியர் தமது 'இரண்டாம் ரிச்சர்டு' நாடகத்தில் 'அங்கிள்' என்னும் உறவுப் பெயரையே வினையாக்கி விட்டார்!

இதை எல்லோரும் ரசித்தார்கள் என்று எண்ண வேண்டாம். 1789-ஆம் வருஷத்தில் அமெரிக்கப் பெரியார் பெஞ்சமின் பிராங்கிளின், பின்னாளில் அகராதி இயற்றிப் புகழ்பெற்ற நோவா வெப்ஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். 'நோட்டீஸ்', 'அட்வகேட்', 'புரோகிரஸ்' என்னும் பெயர்களை ஜனங்கள் வினைகளாக்குகிறார்களே என்று வருந்தி, அதைக் கண்டிக்கும்படி வேண்டிக் கொண்டார். இன்று அம்மூன்றும் வினைகளாகவும் சௌக்கியமாக வாழ்கின்றன. 2006-ஆம் வருஷத்தில் 'கூகிள்' என்னும் கம்பெனிப் பெயரும் ஆக்ஸ்போர்டு அகராதியில் வினைச்சொல்லாக ஏறிவிட்டது.

இந்த வித்தையில் சில சூட்சுமங்களும் உண்டு. 'ரெக்கார்டு' என்பதன் முதல் அசையை அழுத்தினால் பெயர். இரண்டாம் அசையை அழுத்தினால் வினை. 'பெர்மிட்' என்பதும் அப்படியே. 'அட்வைஸ்' என்பதன் கடைசி எழுத்தைப் பாம்பு சீறுவது போல் ஒலித்தால் உபதேசம். வண்டு ரீங்கரிப்பது போல் ஒலித்தால் உபதேசித்தல். இந்த வண்டின் ஒலிக்கு நம் நெடுங்கணக்கில் எழுத்தே கிடையாது.

அந்த வண்டு ஒரு பெண்ணைக் கொட்டிய கதை எனக்குத் தெரியும். என்னிடம் படித்தவள், நெசவாளியின் மகள், கணக்கில் புலி. ஓரிடத்தில் உத்தியோகத்துக்காகப் பேட்டிக்குப் போனாள். வண்டு வர வேண்டிய இடத்தில் பாம்பு வந்துவிட்டது. எதிரே அமர்ந்திருந்த பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை புரிந்தார்களாம். அதற்குமேல் அவளுக்கு வாய் எழவில்லை. ஊர் திரும்பியதும் என்னிடம் வந்து, "இனிமேல் இங்கிலீஷ் பேசுகிற இடத்துக்கே போகமாட்டேன், ஸார்" என்றாள்.

நான் இங்கிலீஷ் புஸ்தகத்தைத் தொடவில்லை. "கெடு என்பது வினை. அதற்குப் பெயர் என்னம்மா?" என்று கேட்டேன்.

"கேடு, ஸார்."

"சுடு?"

"சூடு."

"அடி என்பது வினையா, பெயரா?"

சற்று யோசித்தாள். "'அவனை அடி' என்றால் வினை. 'ஓர் அடி விழுந்தது' என்றால் பெயர்" என்றாள்.

"முதனிலைத் தொழிற்பெயர், முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று நம் இலக்கணக்காரர்கள் இவற்றுக்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். 'புட்' என்னும் உணவு 'பீட்' என்று ஊட்டுவதாகிறதே, 'பிளட்' என்னும் இரத்தம் 'பிளீட்' என்று கசிகிறதே, அவையும் கிட்டத்தட்ட இந்த இனந்தான். ஒரு வெள்ளைக்காரர் 'சூடு' என்பதைச் 'சுடு' என்று சொன்னால் நாம் பரிகசிப்போமா? தமிழ் பேசுகிறாரே என்று பூரித்துப்போய் காபி அல்லவா கொடுப்போம்?"

அவள் சிரித்துவிட்டாள். அடுத்த மாதமே வேறோர் இடத்துக்கு விண்ணப்பம் எழுதினாள்.

ஆனால் ஒரு விஷயம் என் மனத்தை உறுத்திக் கொண்டுதான் இருக்கிறது. இத்தனை சாமர்த்தியமுள்ள இங்கிலீஷ் வினை, தமிழ் வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் வினைத்தன்மையை இழந்து விடுகிறது. 'ஹெல்ப்பினான்' என்று ஒருவரும் சொல்வதில்லை. 'ஹெல்ப் பண்ணினான்' என்கிறோம். 'டிரை பண்ணு', 'வெயிட் பண்ணு' என்கிறோம். வந்த விருந்தாளி சாய்வு நாற்காலியில் சாய்ந்திருக்க, 'பண்ணு' என்னும் ஒரே வேலையாள் இராப்பகலாக உழைக்கிறான். உதவு, முயல், காத்திரு என்னும் நம் வீட்டுப் பிள்ளைகளோ, திடகாத்திரமாக இருந்தும் வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் குழந்தைகள் இங்கிலீஷை அச்சமின்றிப் பேசட்டும். வண்டு பாம்பானாலும் பாதகமில்லை. வீட்டுக்குள் பேசும்போது மட்டும், திண்ணையில் காத்திருக்கும் அந்தப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு வேலை கொடுப்போம். சம்பளம் கேட்க மாட்டார்கள்.