முறம் பிடித்த கைக்கு என்ன கூலி?

காரவள்ளியில் சமவெளி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சோளக்காடு. கொல்லிமலையில் விளைவது கீழே இறங்குமுன் கைமாறும் சந்தைகளில் பேர்பெற்றது இந்த ஊர்ச் சந்தை. அதை முதன்முதலாகப் பார்க்க ஐப்பசியில் போனேன். மானாவாரிச் சரிவுகளில் விதைத்த சாமை அறுவடைக்கு வரும் பருவம் அது.

பலாப் பருவம் எப்போதோ முடிந்திருந்தது. மலைவாழைத் தார்களும் அன்னாசியும் குவிந்து கிடந்தன. வியாபாரிகள் தார்களைப் புரட்டிப் பார்த்து, விலை படிந்ததும் வண்டியில் ஏற்றினார்கள். சாமையைத்தான் தேட வேண்டியிருந்தது. ஓர் ஓரத்தில் சாக்கு விரித்து இரண்டு குவியல் வைத்திருந்தார் ஒரு மூதாட்டி. ஒன்று உமியோடு இருக்கும் சாமை, மற்றது அரிசி. அரிசிக்கு எவ்வளவு கூடுதல் என்று கேட்டேன். சொல்லிவிட்டு, "அந்தக் காசு என் தோள்பட்டை வலிக்குக்கூடப் பத்தாது கண்ணு. வேணும்னா வீட்டுக்கு வந்து பாரு" என்றார்.

போனேன். வாசலில் கல்லுரல். காயவைத்த சாமையில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். உமி பறந்தால்தான் பதம். ஈரம் மிச்சமிருந்தால் அரிசி நொறுங்கிக் குருணையாகிவிடும். ஐப்பசி மழையில் ஒரு நல்ல வெயில் கிடைப்பதே அரிது என்றார். பிறகு உலக்கை. அவரும் மருமகளும் எதிரெதிரே நின்று மாறி மாறிக் குத்தினார்கள். சாமை மணி கடுகளவுதான். உமியோ இறுக்கமாக ஒட்டியிருக்கும். ஒரே குத்தில் விடாது. குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும்.

முறம் அவர் கைக்கு வந்ததும் வேலையின் நுட்பமே வேறாகிவிட்டது. மேலும் கீழுமாகப் புடைத்தபோது உமி முன்னால் போய் விழுந்தது. பக்கவாட்டில் கொழித்தபோது குருணை ஒருபுறமாக ஒதுங்கியது. கடைசியில் முறத்தின் விளிம்பை விரலால் மெல்லத் தட்டித் தட்டி, குத்துப்படாத மணிகளைத் தனியே சேர்த்தார். அவை மறுபடி உரலுக்குப் போயின. "கல்லு?" என்றேன். "அது சமைக்கும்போது தண்ணியில அரிச்சாத்தான் போகும்." சிறுவயதிலிருந்து பழகிய கை அது. ஒருவேளைச் சமையலுக்கான அரிசி சேருவதற்குள் வெயில் முற்றத்தைத் தாண்டியிருந்தது.

கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை, திரிகுலச்சாமை, மல்லியச்சாமை என்று இந்த மலையில் சாமையிலேயே பல ரகங்கள் உண்டு. மண்ணும் மழையும் பார்த்து மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறைகளாகக் காத்துவந்த விதைகள் இவை. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு மலையேறிய பிறகு சாமைக் கொல்லைகள் சுருங்கின. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் பணம். உரலும் இல்லை, முறமும் இல்லை. சரிவு நிலத்தைக் கிளறுவதால் மண் அரிக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் மலைப் பெண்கள் கிழங்கை ஏன் விரும்பினார்கள் என்பது உலக்கைச் சத்தம் கேட்டவருக்குப் புரியும்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை செய்தபோது விதைகளைச் சேகரித்ததோடு நிற்கவில்லை. உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுவந்து, சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தது. நெல் மில்லில் இந்தப் பொடி மணி சிக்காது. அதற்கென்றே செய்த இயந்திரம் வேண்டும். அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊரில் சாமை விதைக்கத் தயக்கம் குறைகிறது. எட்டாத ஊரில் பழைய உரல்தான்.

2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரக் கடைகளில் சாமை அழகிய பைகளில் ஏறிவிட்டது. பாரம்பரிய உணவு என்று போற்றுகிறோம். அந்தப் பாரம்பரியம் இத்தனை காலம் பெண்களின் கூலியில்லா உழைப்பில்தான் நின்றது. கைக்குத்தலின் பெருமையைப் பேசி, அதே பெண்களை உரலடியிலேயே நிறுத்திவைப்பது நியாயமாகாது. மலையில் ஒவ்வொரு ஊருக்கும் எட்டும் தூரத்தில் ஓர் இயந்திரம் வேண்டும். கையால் புடைத்து வரும் அரிசிக்கு அந்த உழைப்பையும் சேர்த்த விலை வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் சாமை கொல்லைக்குத் திரும்பும். சட்டியில் சாமைச் சோறு கேட்கும் நாம், படியின் விலையைக் குறைத்துப் பேசாமல் இருப்பதிலிருந்து தொடங்கலாம்.