ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மனுஷன்

நினைவுக் கல்லில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. இடம் கம்மி. அதனால் செத்தவர் கடன் வாங்கியது, மாமனாரோடு சண்டை போட்டது எல்லாம் விட்டுப்போய், ஒரே ஒரு நல்ல வரி மட்டும் நிற்கும். நம்ம ஊர் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் இதே கதைதான்.

லண்டன் செயின்ட் பால்ஸ் கதீட்ரலில், நெல்சனும் வெலிங்டனும் படுத்திருக்கிற அதே நிலவறையில், இரண்டாம் உலகப் போரில் இறந்த ஒரு விமானிக்கு நினைவுப் பலகை இருக்கிறது. பெயர் வில்லியம் ஃபிஸ்க். நண்பர்களுக்கு பில்லி. 'இங்கிலாந்து வாழ வேண்டும் என்று உயிர் கொடுத்த அமெரிக்கக் குடிமகன்' என்று அதில் எழுதியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 'அமெரிக்கக் குடிமகன்' என்பதை மறைத்துத்தான் மனுஷன் அந்த யூனிஃபார்மையே வாங்கினார்!

ஆசாமியின் ஜாதகத்தைக் கொஞ்சம் பாருங்கள். பிறந்தது 1911. அப்பா, டில்லன் ரீட் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியில் பெரிய கை. பனிப் பாதையில் தலைதெறிக்கப் பாயும் 'பாப்ஸ்லெட்' வண்டியை ஓட்டி, 1928 குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியபோது பில்லிக்கு வயசு 16. (அந்த வயசில் நான் சைக்கிளில் டபுள்ஸ் போய்க்கொண்டிருந்தேன்.) 1932-ல் மறுபடி தங்கம். அந்தத் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவரும் இவரே. நடுவில் கேம்பிரிட்ஜில் படிப்பு. அப்புறம் அப்பாவின் வங்கியிலேயே லண்டனில் உத்தியோகம். ஓட்டுவதற்கு பென்ட்லி கார். கொலராடோவில் ஆஸ்பென் என்ற ஊரில் பனிச்சறுக்கு விடுதி கட்டப் பணம் போட்டார். இன்றைக்கு உலகப் பணக்காரர்கள் வந்து இறங்குகிற இடம் அது.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று எழுதிப் பார்க்கிற வியாதி உண்டு. பில்லிக்கும் எழுதிப் பார்த்தேன். இடது பக்கம், போருக்குப் போகாமல் இருக்கக் காரணங்கள். ஒன்று, அது அவர் நாட்டுச் சண்டையே இல்லை. 1939-ல் அமெரிக்கா நடுநிலை. இரண்டு, சட்டம். அந்நிய ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் குடியுரிமையே பறிபோகலாம். மூன்று, வேலை. தலைமை ஆபீஸ் அவரை நியூயார்க்குக்கே கூப்பிட்டுக்கொண்டது. நான்கு, கல்யாணம் ஆகி ஒரு வருஷம். 1938-ல்தான் ரோஸ் என்ற சீமாட்டியைக் கட்டியிருந்தார். ஐந்து, பணம். எத்தனை ஐட்டம் வேண்டுமானாலும் சேர்த்துக்கொண்டே போகலாம்.

வலது பக்கம், போவதற்குக் காரணம்? யோசித்து யோசித்து ஒன்றுதான் கிடைத்தது. படிப்பு, சிநேகிதம், சம்பளம், மனைவி எல்லாம் அவருக்கு அந்த மண் கொடுத்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்களே, அது. டேலி ஆகவில்லை. ஆனால் பில்லி கிளம்பிவிட்டார்.

போர் வரப்போகிறது என்று தெரிந்தே, 1939 ஆகஸ்ட் 30-ந் தேதி அக்விடேனியா கப்பலில் இங்கிலாந்துக்குத் திரும்பினார். கூடவே ஆபீஸ் சிநேகிதர் ஒருவர். பிரிட்டிஷ் விமானப்படையின் 601-வது ஸ்குவாட்ரனில் இருந்தவர். நாலே நாளில் போர் அறிவிப்பு. அமெரிக்கன் என்றால் எடுக்க மாட்டார்கள். பில்லி என்ன செய்தார்? 'நான் கனடாக்காரன்' என்று சொல்லிவிட்டார்.

அப்ளிகேஷனில் அளப்பது நமக்குப் புதிதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் 'தெலுங்கு சரளமாகப் பேசுவேன்' என்று எழுதிப்போட, குண்டூருக்கு மாற்றல் வந்து முழி பிதுங்கினார். நாம் அளப்பதெல்லாம் வேலை, இன்க்ரிமென்ட் இப்படி ஏதாவது கிடைப்பதற்காக. கையில் இருப்பதையெல்லாம் இழக்கும் வாய்ப்புக்காகப் பொய் சொன்ன ஆளை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

பயிற்சி முடிந்து 1940 ஜூலையில் டேங்மியர் விமானத் தளத்தில் அதே 601-ல் சேர்ந்தார். அதற்கு 'கோடீஸ்வரர் ஸ்குவாட்ரன்' என்றே பட்டப்பெயர். பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் சொந்தக் கார்களுக்காக ஒரு பெட்ரோல் பங்கையே வாங்கிவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அவர்களே இந்த அமெரிக்கரை ஆரம்பத்தில் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். பனியில் வண்டி ஓட்டிய கை, ஹரிக்கேன் விமானத்திலும் சீக்கிரமே படிந்துவிட்டது.

மொத்தம் ஒரு மாதம்கூடப் பறக்கவில்லை. ஆகஸ்ட் 16-ந் தேதி ஜெர்மானிய ஸ்டூகா விமானங்கள் டேங்மியரையே தாக்க வந்தன. சண்டையில் பில்லியின் விமானம் அடிபட்டது. ஹரிக்கேனில் பெட்ரோல் டேங்க் ஒன்று விமானிக்கு நேர் முன்னால் இருக்கும். அது பற்றிக்கொண்டால் உட்கார்ந்திருப்பது அடுப்புக்குள்! பாரசூட்டில் குதித்திருக்கலாம். அவர் குண்டு விழுந்துகொண்டிருந்த தளத்துக்கே விமானத்தைக் கொண்டுவந்து இறக்கினார். மருத்துவப் பணியாளர்கள் ஓடிப்போய் வெளியே இழுத்தார்கள். கையிலும் காலிலும் தீக்காயம். ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன சக அதிகாரியிடம் உற்சாகமாகவே பேசினார். மறுநாள் அதிர்ச்சியில் உயிர் போய்விட்டது. வயசு 29.

பக்கத்து கிராமமான பாக்ஸ்குரோவில், மாதா கோயில் தோட்டத்தில் ஆகஸ்ட் 20 அன்று அடக்கம் செய்தார்கள். சவப்பெட்டி மேல் இரண்டு நாட்டுக் கொடியும் இருந்தன. அன்றைக்குத்தான் சர்ச்சில், இத்தனை பேர் இவ்வளவு சிலருக்கு இவ்வளவு கடன்பட்டதில்லை என்ற அர்த்தத்தில் பார்லிமென்டில் அந்தப் பிரசித்தி பெற்ற பேச்சைப் பேசினார்.

லண்டன் பலகையைத் திறந்துவைத்த தேதியையும் கவனியுங்கள். 1941 ஜூலை 4. இங்கிலாந்திலிருந்து கழன்றுகொண்டதை அமெரிக்கா கொண்டாடுகிற நாள்! அப்போதும் அமெரிக்கா போரில் இறங்கியிருக்கவில்லை. இறங்கியது டிசம்பரில், பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட பிறகு. இங்கிலாந்துக்கு அந்த தயவு அவசரமாகத் தேவைப்பட்டது. திறந்துவைத்தவரும் விமானத்துறை மந்திரி. ஆக, பில்லி மறைத்த விஷயத்தையே பெரிசாக எழுதிவைத்ததில் கொஞ்சம் விளம்பரமும் இருந்தது. விளம்பரம் என்பதால் பொய் ஆகிவிடாது. அவர் செத்தது நிஜம்.

பாக்ஸ்குரோவ் கோயிலில் 2008-ல் அவர் நினைவாக வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று வைத்தார்கள். வெளியே தோட்டத்தில் உள்ள கல்லறைக் கல் ரொம்பச் சாதாரணம். பெயர், படை, வருஷம், 'இங்கிலாந்துக்காக இறந்தார்', அவ்வளவுதான். எந்த நாட்டுக் குடிமகன் என்று அதில் இல்லை. பாஸ்போர்ட்டை ஒளித்துவைத்துவிட்டு வந்த மனுஷனுக்கு அதுதான் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.