இரண்டரை நூல்

அப்பா விட்டுச்சென்றவற்றில் பங்கு பிரிக்க முடியாமல் மிஞ்சியது 1968ஆம் வருடத்து அம்பாஸடர் மார்க் 2 ஒன்றுதான். வீட்டை விற்றுப் பிரித்துக்கொண்ட நாங்கள் மூவரும் காரை மட்டும் விற்பதில்லை என்று முடிவெடுத்தோம். யார் வாசலில் நிற்பது என்பதில் மனக்கசப்பு வந்தபோது ஆளுக்கு நான்கு மாதம் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டோம்.

தொல்லை ஒரு சத்தத்தில் தொடங்கியது. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும், பானட்டுக்குள் யாரோ நாக்கைச் சொடுக்குவதுபோல டிக் டிக்கென்று கேட்கும். பத்து நிமிடம் ஓடியதும் அடங்கிவிடும். தானாக அடங்குகிற நோயை நோயாகக் கருதாதவர்கள் நாங்கள். ஒரு வருடம் அப்படியே ஓட்டினோம். பிறகு புகைநெடி காருக்குள் வரத்தொடங்கியது. எங்களில் ஒருவரின் மகள் பின்சீட்டில் ஏறியதும் தூங்கிப்போகிற வழக்கமுள்ளவள். எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, அது தூக்கம்போலத்தான் வரும் என்பது நினைவுக்கு வந்த அன்று காரை நிறுத்திவிட்டு பானட்டைத் திறந்தோம்.

அம்பாஸடரின் பூர்வீகம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. எங்கள் காரில் இருக்கும் 1489 சிசி எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் தொடங்கிய இந்தக் காரின் உற்பத்தி 2014இல் நின்றது. இந்த எஞ்சினில் பெட்ரோல் கலந்த காற்று உள்ளே போகும் குழாயும், எரிந்த புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் நெருங்கி அமர்ந்திருக்கின்றன. இடையிலுள்ள ஸ்டட்களில் தடித்த வாஷர் ஒன்று இரண்டின் விளிம்புகளையும் சேர்த்து அமுக்குகிறது. விளிம்புகளின் தடிமன் சற்றே வேறுபட்டாலும் வாஷர் சாய்ந்து ஒன்றை மட்டும் பிடிக்கும், மற்றது கசியும். சூடேறும்போது இரும்பு விரிந்து இடைவெளியை மூடிவிடுவதால் சத்தம் அடங்குகிறது. அடங்கினால் குணமாகிவிட்டது என்று பொருளில்லை.

நட்டுகளைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. என்றோ ஒரு பட்டறையில் கைக்குக் கிடைத்ததை முடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஓரிடத்தில் ஸ்டட்டே இல்லை. 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை நேராக ஹெட்டில் திணித்திருந்தார்கள். இந்த எஞ்சினுக்கு உரிய அளவு 5/16 அங்குலம். நம் இரும்புக்கடை மொழியில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஆகவே இது இரண்டரை நூல். மில்லிமீட்டரில் 7.94. எட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைமுடி அளவுகூடத் தேறாது. ஆனால் மரை வேறு. ஹெட்டுக்குள் போகும் முனையில் அங்குலத்துக்கு 18 மரை, நட்டு ஏறும் முனையில் 24. வழக்கமான 8 மில்லிமீட்டர் போல்டில் சுமார் 20. முதல் ஒன்றிரண்டு சுற்று ஒத்துப்போகும். பிறகு பலம் கொடுத்தால் ஹெட்டின் மரையைத் தின்றுகொண்டு உள்ளே போகும். ‘மரை கழன்றவன்’ என்று ஏன் திட்டுகிறோம் என்பது அன்றைக்குப் புரிந்தது.

இருப்பதை எல்லாம் எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்று தீர்மானித்தோம். எதைப் போடுவது என்பதில் கட்சி பிரிந்தது. ஒரு கட்சி 12.9 என்று தலையில் முத்திரை பதித்த கருநிறப் போல்டுகள் வேண்டும் என்றது. அந்த எண்ணின் முதல் பாதி வலிமையைக் குறிப்பது: 12 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 1200 நியூட்டன் இழுவைவரை அறுபடாது. சாதாரண 8.8 போல்டுக்கு அது 800தான். இன்னொரு கட்சி துருவே ஏறாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றது. இரு கட்சிக்கும் நோக்கம் ஒன்றே: இனி இதைத் திறக்கும் தேவையே வரக்கூடாது. அப்பாவின் காரை நிரந்தரமாக்கிவிட வேண்டும் என்ற ஆசை அது.

அந்த ஆசை எங்கள் கையாலேயே முதல் அடி வாங்கியது. பழைய நட்டு ஒன்று அசையவில்லை. ஸ்பானரின் கைப்பிடியில் ஒரு பைப்பைச் செருகி எம்பினோம். நட்டு சுழன்றதுபோல் இருந்தது; சுழன்றது நட்டல்ல, ஸ்டட் முறிந்து பாதி ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஹெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு புதுப்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். பெரியவர் எங்கள் பையில் இருந்த 12.9 போல்டுகளையும் ஸ்டெயின்லெஸ் நட்டுகளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, “பித்தளை நட்டு எங்க?” என்று கேட்டார். இவ்வளவு சூட்டில் பித்தளையா என்று நாங்கள் தயங்கியதும் சொன்னார்: “கழட்டவே வராத மாதிரி மாட்டுறது வேலை இல்ல தம்பி. நாளைக்கு ஒருத்தன் கழட்டணும். அவன் நம்மளத் திட்டக்கூடாது.”

அவர் சொன்னதன் காரணங்களைப் பின்னர் தேடிப் படித்தோம். ஒரு மீட்டர் நீளம் 100 டிகிரி சூடேறினால் வார்ப்பிரும்பு ஏறக்குறைய 1.1 மில்லிமீட்டர் நீளும், எஃகு 1.2, ஸ்டெயின்லெஸ் 1.7, பித்தளை 1.9. நாற்பது சென்டிமீட்டர் நீளமுள்ள மேனிஃபோல்டு 500 டிகிரி சூடேறினால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. ஹெட் அவ்வளவு சூடேறுவதில்லை. அதனால்தான் விளிம்பிலுள்ள துளைகள் ஸ்டட்டைவிடச் சற்றுப் பெரியவை: அமுக்கிப் பிடிக்கவும் வேண்டும், நகரவும் விட வேண்டும். 12.9 போல்டின் வலிமை சூடாக்கிப் பதப்படுத்திப் பெற்றது. அதே அளவு சூடு திரும்ப வந்தால் அந்தப் பதம் இறங்கிவிடும். ஸ்ப்ரிங் வாஷரும் அப்படித்தான், சூட்டில் தளர்ந்து வெறும் வளையமாகிவிடும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்பது உண்மை, ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை ஏற்றினால் மரைகள் ஒன்றையொன்று கவ்வி ஒட்டிக்கொள்ளும். பித்தளையோ எஃகு ஸ்டட்டோடு துருவால் ஒட்டாது. மிஞ்சிப் பலம் கொடுத்தால் முதலில் கெடுவது நட்டின் மரைதான்; ஸ்டட் தப்பும், ஹெட் தப்பும். டர்போ பொருத்திய எஞ்சினின் சூட்டுக்கு இது தாங்காது, அங்கே நிக்கல் கலவை வேண்டும். எங்களுடையதுபோன்ற சாதுவான எஞ்சினுக்குப் போதும்.

முறிந்த ஸ்டட்டின் முனையில் பெரியவர் ஒரு நட்டை வெல்டிங் செய்து, சுற்றிலும் சூடேற்றி, ஆறவிட்டு, முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்தே வெளியே கொண்டுவந்தார். தின்றுபோன துளையைக் கடைந்து ஹெலிகாயில் இறக்கினார். முடிய இரண்டு நாள் ஆயிற்று.

புதிய எஃகு ஸ்டட்கள், சமமான தடித்த வாஷர்கள், பித்தளை நட்டுகள், மரையில் துளி செம்புப் பசை. பசை வழுக்குவதால் அதே முடுக்குக்கு இறுக்கம் கூடிவிடும் என்று எச்சரித்திருந்தார். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அளவு குறைத்தே முடுக்கினோம். சில நாள் ஓட்டியபின், எஞ்சின் ஆறியிருந்த ஒரு காலையில் மறுபடி சரிபார்த்தோம். இரண்டு நட்டுகள் கால் சுற்று கேட்டன.

சத்தம் போய்விட்டது, நெடியும் இல்லை. நான்கு மாதக் காகிதம் எங்கே இருக்கிறதென்று இப்போது யாருக்கும் தெரியாது, தேவைப்படுகிறவர் எடுத்துப்போகிறார். டேஷ்போர்டு பெட்டியில், மீந்த பித்தளை நட்டுகள் நான்கை ஒரு தாளில் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறோம். மேலே ‘5/16, 24 மரை’ என்று எழுதியிருக்கிறது. அடுத்துக் கழற்றப்போகிறவருக்கு அது உதவும்.