முதல் கப்பல்

பதவி உயர்வு மறுக்கப்பட்ட கோப்போடுதான் பணி வழக்குகளில் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் வருவார்கள். நான் முதலில் கேட்பது அவர்களுடைய முதல் பணியமர்த்தல் ஆணையை. ஜூனியராக இருந்தபோது சீனியர் படிக்கச் சொன்ன ஓர் அமெரிக்க வழக்கிலிருந்து வந்த பழக்கம் இது. ஓவன்ஸ் எதிர் பிரவுன், 1978.

அன்னாபொலிஸ் கடற்படை அகாடமியில் தேறி, கப்பல் பிரிவுக்குப் போகிறவர்கள் தரவரிசைப்படி ஒருவர்பின் ஒருவராகத் தங்கள் முதல் கப்பலைத் தேர்ந்தெடுப்பது அன்றைய வழக்கம். கடல் அனுபவம் இல்லாதவருக்குக் கப்பல் தலைமை கிடைக்காது. 1976 ஜூலையில் 81 பெண்கள் முதன்முறையாக அங்கே சேர்ந்தார்கள். ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவக் கப்பலும் துருப்புக் கப்பலும் தவிர மற்றவற்றில் பெண்களுக்குப் பணி கொடுக்கவே கூடாது என்றது. முதல் மாணவியாகவே தேறினாலும் அவர் தேர்ந்தெடுக்கக் கப்பல் இருந்திருக்காது.

இந்தத் தடை எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது என்பதை முந்தைய வழக்கொன்று காட்டுகிறது. பாலார்டு என்ற ஆண் அதிகாரி, இருமுறை பதவி உயர்வு கிட்டாததால் ஒன்பது ஆண்டுகளில் வெளியேற்றப்பட இருந்தார். பெண் அதிகாரிகளுக்கோ 13 ஆண்டு அவகாசம் இருந்தது. பெண்களுக்குக் கடற்பணி வாய்ப்பே குறைவு, அதனால் கூடுதல் அவகாசம் நியாயம்தான் என்று 1975ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் சொன்னது. ஒரு பாகுபாட்டுக்கு இன்னொரு பாகுபாடு சாட்சி சொன்னது. கடற்பணித் தடை செல்லுமா என்று அந்த வழக்கில் யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர் யோனா ஓவன்ஸ். அவர் அகாடமிப் பட்டதாரி அல்ல; கப்பல் தகவல் தொடர்புக் கருவிகளைப் பராமரிக்கும் எலெக்ட்ரீஷியன். அவரும் வேறு சில பெண்களும் வழக்குத் தொடுத்தார்கள். விசாரித்தவர் வாட்டர்கேட் வழக்கால் பெயர்பெற்ற நீதிபதி ஜான் சிரிக்கா. பாலார்டு தீர்ப்பை அரசுத் தரப்பு கேடயமாகப் பிடித்தது, அவர் ஏற்கவில்லை. தடைப்பிரிவு பெரிய விவாதமே இல்லாமல் சட்டத்தில் செருகப்பட்டது என்று வரலாற்றைப் பிரித்துக் காட்டி, அது அரசியலமைப்புக்கு முரண் என்றார். தீர்ப்பில் எனக்கு மிகப் பிடித்தது அதன் அடக்கம். பெண்களைக் கப்பலில் ஏற்று என்று அவர் ஆணையிடவில்லை. யாரை எங்கே அமர்த்துவது என்பதைக் கடற்படை தகுதி பார்த்து முடிவுசெய்யட்டும், அந்தக் கையைச் சட்டம் கட்டிப்போடக் கூடாது என்றார். ராணுவ விஷயத்தில் தலையிடத் தயங்கும் நீதிமன்றத்தின்முன் இதைவிட வலுவான வாதம் கிடையாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

தீர்ப்பு வந்த 1978ஆம் ஆண்டு அக்டோபரிலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1980 மே மாதம் தேறிய 55 பெண்களுக்குப் போரில் ஈடுபடாத கப்பல்கள் திறந்திருந்தன. போர்க்கப்பல் தடை நீங்க 1993 ஆனது. நீர்மூழ்கியில் இடம் தரும் முடிவு 2010ல்தான் வந்தது.